உவப்பு வனம்

மார்ச் 3, திங்கள்.
இன்று மண் அறிக்கையைத் தட்டச்சு செய்தபோது ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். அறிக்கை மேலே போன பிறகுதான் நகலில் பார்த்தேன். சிறிய தவறு. நாளைக் காலை போனதும் சொல்லித் திருத்திவிட வேண்டும்.

எழுதி முடித்த சின்னவள் ‘சிறிய’ என்ற சொல்லை அடித்தாள். அடித்தது அதிகப்படியோ என்று தோன்றவே, அதன் மேலேயே மறுபடி எழுதினாள். மாலை வகுப்பில் மண்ணியல் படிக்கிறவர்கள் தினமும் நாலு வரி எழுத வேண்டும் என்பது விதி. விதி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்குக் கை தானாக எழுதும்.

விட்டுப்போனது ஒரு மெய்யெழுத்து. ‘உவர்ப்பு’ என்ற சொல்லின் நடுவே நிற்கிற ‘ர்’. உவர்ப்பு என்றால் மண்ணில் ஏறிய உப்பு. அந்த ஒற்றை எழுத்து போய்விட்டால் ‘உவப்பு’. உவப்பு என்றால் மகிழ்ச்சி. மற்றபடி அறிக்கையில் ஒரு குறையும் கிடையாது. மெய் ஒன்றுதான் இல்லை.

அவள் வேலை பார்த்தது நகரப் பசுமை வாரியத்தில், தற்காலிகத் தட்டச்சராக. மண் பரிசோதகரின் நாற்காலி காலியாகி வெகுகாலம் ஆயிற்று. அதில் இப்போது பழைய கோப்புகள் உட்கார்ந்திருந்தன. “நீதான் சாயங்காலத்துல மண்ணு படிக்கிறியாமே. நீயே பாத்து நீயே டைப் பண்ணிக் குடுத்துடு, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா” என்று கண்காணிப்பாளர் அம்மா சொல்லிவிட்டார். ஆக, அளந்த கையே அடித்த கையாகவும் ஆயிற்று. சரிபார்க்க இன்னொரு கை இல்லை.

ஊர்க்கோடியில் இருந்த வாரியத்தின் இளமரப் பண்ணைக்கு அவள் போய் மண் எடுத்து வந்தாள். காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, தெளிய வைத்து, உப்பை அளக்கும் மீட்டரை உள்ளே விட்டாள். காட்டிய எண்ணை நம்பாமல் மீட்டரைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி விட்டாள். தன் மேல் அவளுக்கு அவ்வளவு சந்தேகம். எண் இறங்கவில்லை.

எண் இல்லாமலே கண்ணுக்கும் தெரிந்ததுதான். இடுப்பு உயரம்கூட வராத கன்றுகள் வரிசையாக நின்றன. இலை நுனிகள் நெருப்பில் காட்டியதுபோல் கருகியிருந்தன. மண்மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவினமாதிரி வெள்ளை பூத்திருந்தது. கையில் எடுத்தால் பொலபொலவென உதிர வேண்டிய மண் ஓடு கட்டிப்போயிருந்தது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் கண்ணாடி மாதிரி மேலேயே நின்றது. தோண்டிய குழியில் ஒரு மண்புழுகூட இல்லை. மண் இத்தனை உப்பானால் வேர் தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் வாயைக் கட்டி உட்காரவைத்த மாதிரி.

இதையெல்லாம் மனதில் வைத்து அவள் எழுதிய அறிக்கை, எழுத்து விட்டுப்போன பிறகு இப்படி இருந்தது:

‘இளமரப் பண்ணையில் மண்ணின் உவப்பு எல்லை மீறிவிட்டது. புதிய ஆழ்துளைக் கிணற்றிலிருந்து விடப்படும் நீரே இதற்குக் காரணம். இது தொடர்ந்தால், அடுத்த ஆண்டு இந்த இடத்தை யாராலும் அடையாளம் கண்டுகொள்ள முடியாது.’

மறுநாள் அவள் கண்காணிப்பாளர் அம்மாவின் மேசை முன்னால் போய் நின்றாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

“மேடம், அந்த அறிக்கையில ஒரு எழுத்து...”

“அடியே என் தங்கமே!” அம்மா எழுந்து வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினார். “ஒரு எழுத்தா? ஒவ்வொரு எழுத்தும் முத்து. சார் படிச்சுட்டு அழுதுட்டாரு. வா வா, உன்னத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு.”

இயக்குநருக்கு அலுவலகத்தில் ‘கல்வெட்டு’ என்று பெயர். எதைத் திறந்தாலும், எதை மூடினாலும் தம் பெயரில் ஒரு கல் பதித்துவிடுவார். மாடிப்படி கைப்பிடிக்கு வண்ணம் அடித்ததற்குக்கூட ஒரு கல் உண்டு. அவர் அறிக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“முப்பது வருஷமா மண் அறிக்கை வாங்கறேம்மா. காரம் ஜாஸ்தி, சத்து கம்மி, அமிலம், பற்றாக்குறைன்னு ஒரே வசவு. இப்படித் திட்டித் திட்டி எழுதினா மண்ணு எப்படி உருப்படும்? ஒருத்தராவது அது சந்தோஷமா இருக்கான்னு கேட்டீங்களா?”

“கேக்கல சார்” என்றார் கண்காணிப்பாளர் அம்மா, எல்லாருக்குமாக.

“அதுக்குக் காரணம் தண்ணின்னு கண்டுபிடிச்சிருக்கே பாரு இந்தப் பொண்ணு. அது யாரு தண்ணி?”

“உங்க தண்ணி சார்.”

“என் தண்ணின்னு சொல்லாதீங்க, எனக்குக் கூச்சமா இருக்கு. அந்தக் கிணத்துக்கு ‘அமுத ஊற்று’ன்னு கல்லு இருக்கு, அதுல என் பேரு இருக்கு. அவ்வளவுதான்.”

சின்னவள் வாயைத் திறந்தாள். அவளுடைய தற்காலிக வேலையை மாதாமாதம் நீட்டித்துக் கையெழுத்துப் போடுகிற பேனா அவர் சட்டைப் பையில் குத்தியிருந்தது. அது மட்டும் என்றால்கூடச் சொல்லியிருப்பாள். பண்ணையில் அந்தத் தண்ணீரை ஊற்றுகிறவர் அவளுடைய அத்தான். பம்ப் அறைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீடு, அத்தானுக்கு வேலை இருக்கிறவரைதான் அவர்களுக்கு. அதில் அக்கா ஏழு மாதக் கர்ப்பத்தோடு இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு சின்னவளுக்கும் அதுதான் வீடு.

“என்னம்மா, ஏதோ சொல்ல வந்தியே?”

“நன்றி சார்” என்றாள்.

அன்று பிற்பகலே ஆணை வந்தது: உவப்பைப் பெருக்கும் பொருட்டு, இளமரங்களுக்குக் கிணற்று நீர் இருமடங்கு.

“ரெட்டிப்பா ஊத்தணுமாம்” என்றார் அத்தான், சாப்பிடும்போது. அவர் வாட்டசாட்டமான ஆள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. அதிகாரி வண்டி வருகிற சத்தம் கேட்டால் குழாயோடு குழாயாக ஒடுங்கிவிடுவார். “நீ எழுதினியாமே குட்டி? மண்ணு சந்தோஷமா இருக்குன்னு?”

“பாதியா ஊத்துங்க அத்தான்.”

“ஏன்?”

சின்னவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வேண்டாம். அவ்வளவு தண்ணி எதுக்கு?”

“ஆணைல இருக்கே. கொறச்சு ஊத்தி யாராவது பாத்துட்டா? நான் வேணும்னா கூடவே ஊத்தறேன், பத்தலன்னு சொல்லிடப்போறாங்க.”

“இவரு ஒருத்தரு. ஒட்டகத்துக்கே தண்ணி காட்டச் சொன்னாலும் குளத்துல தள்ளிடுவாரு” என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவள் பாதிச் சோற்றோடு எழுந்தாள்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென நடந்தது. வாரியத்தில் ‘மண் உவப்புப் பிரிவு’ என்று ஒன்று பிறந்தது. நேற்றுவரை வாகனப் பிரிவில் பழைய டயர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் உவப்பு அலுவலர் ஆனார். உப்பை அளக்கும் மீட்டரின் மேல் ‘உவப்புமானி’ என்று ஒட்டினார்கள். எண் ஏற ஏற அலுவலகத்தில் இனிப்பு வழங்கினார்கள். நகரத்தில் மற்றப் பூங்காக்களின் மண்ணில் எண் குறைவாக இருந்ததால், அங்கே உள்ள தோட்டக்காரர்களுக்குக் கண்டனம் போயிற்று. அவர்களில் துடிப்பான ஒருவர் அமுத ஊற்றிலிருந்து ஒரு லாரித் தண்ணீர் கேட்டு எழுதினார். அவருக்குப் பாராட்டுப் போயிற்று.

இயக்குநர் பண்ணையைப் பார்வையிட வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“அது என்ன வெள்ளையா?”

“மண்ணு பல்லக் காட்டிச் சிரிக்குது சார்” என்றார் உவப்பு அலுவலர்.

“இலை ஓரமெல்லாம் பழுப்பா இருக்கே?”

“தங்க விளிம்பு சார். பூரிப்புல வர்றது.”

“தண்ணி அப்படியே தேங்கி நிக்குதே?”

“மண்ணுக்கு வயிறு ரொம்பிடுச்சு சார். போதும்னு சொல்லுது. ஆனாலும் நாம ஊத்தறோம். அதுதான் உபசரிப்பு.”

இயக்குநர் திருப்தியோடு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அடுத்த வாரம் பண்ணை வாசலில் இன்னொரு கல் முளைத்தது: ‘உவப்பு வனம்’.

சின்னவள் தினமும் ஒரு முறை சொல்ல முயன்றாள். அது உண்மை. முதல் வாரம், திருத்தக் குறிப்பு ஒன்றைத் தட்டச்சு செய்து கண்காணிப்பாளர் அம்மாவின் மேசையில் வைத்தாள். அம்மா அதைப் படிக்காமலே முத்திரை குத்தி, உவப்புப் பிரிவுக்கே பரிசீலனைக்கு அனுப்பிவிட்டார். உவப்பு அலுவலர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “தங்கச்சி, எனக்கு ரெண்டு பொண்ணுங்க. இந்தப் பிரிவு வந்துதான் எனக்கு ஒரு நாற்காலி வந்துது. ஒரு எழுத்துக்காக என் நாற்காலிய உருவிடுவியா?” என்று கேட்டார். கண் கலங்கித்தான் கேட்டார். குறிப்பை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த அந்த நாற்காலியின் காலுக்குக் கீழே வைத்தார். ஆட்டம் நின்றது.

அதற்குள் இலைகள் கொட்ட ஆரம்பித்தன. பெரிய மரமென்றால் ஆழத்து வேரை வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்கும். இவை பச்சைப் பிள்ளைகள், வேர் மேல்மண்ணிலேயே நின்றது. மொட்டைக் குச்சிகள் வரிசை வரிசையாக நிற்பது சாலையில் போகிறவர்களுக்கே தெரிந்தது.

வாரியம் பதறவில்லை. நட்டு ஒரு வருடம் ஆகாத கன்றுகள் ‘தகுதிகாண் பருவத்தில்’ இருப்பவை என்றும், அவை விடுப்பில் போக உரிமையுண்டு என்றும் ஒரு சுற்றறிக்கை வந்தது. இலை கொட்டிய மரத்துக்குத் தற்செயல் விடுப்பு. கிளையும் காய்ந்தால் மருத்துவ விடுப்பு. விண்ணப்பத்தை மரத்தின் சார்பில் தண்ணீர் ஊற்றுபவர் கொடுக்க வேண்டும். அத்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ‘உடல்நிலை சரியில்லாத காரணத்தால்’ என்று ஒவ்வொரு கன்றுக்காகவும் எழுதினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மை ஒற்றினாள்.

“எனக்கு மேலுக்கு முடியலன்னு ஒரு நாளு லீவு போட்டிருப்பீங்களா? மரத்துக்குப் போடறீங்க.”

“மரம் கேட்டுச்சு, போட்டேன். நீயும் எழுதிக் குடு.”

பாதி மரங்கள் விடுப்பில் போனதும், வாரியத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாரியத்துக்குச் சந்தேகம் வந்தால் அது குறிப்பாணையாகத்தான் வரும். வந்தது. அதைத் தட்டச்சு செய்யும்படி கண்காணிப்பாளர் அம்மா சின்னவளிடமே கொடுத்தார்.

‘மண் உவப்பாக இருக்கிறது (சான்று: அறிக்கை). நீர் அமுதமாக இருக்கிறது (சான்று: கல்வெட்டு). எனவே மரங்கள் வாடுவதற்குக் காரணம், மீதமிருப்பவரான தண்ணீர் ஊற்றுபவரே. அவர் உவப்பின்றி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நீர் ஊற்றியதாகத் தெரியவருகிறது. பணிநீக்கம் செய்து குடியிருப்பை ஏன் திரும்பப் பெறக் கூடாது என்பதற்கு வெள்ளிக்கிழமை நேரில் விளக்கம் அளிக்கவும்.’

அவள் ஒரு பிழைகூட இல்லாமல் அடித்து முடித்தாள்.

வியாழக்கிழமை விடிகாலையில் சமையல் அறைப் பக்கம் ஏதோ விசித்திரமான சத்தம் கேட்டுச் சின்னவள் எழுந்து போனாள். அத்தான் சுவரில் மாட்டிய சின்னக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் காலிக் குடம். குடத்தைச் சாய்க்கிறார், சிரிக்கிறார். நிமிர்த்துகிறார், நிறுத்துகிறார். மறுபடி சாய்க்கிறார், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். கண் மட்டும், பொறியில் மாட்டிய எலியினுடையது.

“குட்டி, இந்தச் சிரிப்பு போதுமா பாரு. இல்ல இன்னும் கொஞ்சம் மேல இழுக்கணுமா?”

“அத்தான், மண்ணு சந்தோஷமா எல்லாம் இல்ல. அது உப்பு. நான் ஒரு எழுத்த விட்டுட்டேன். தண்ணிதான் மரத்தக் கொல்லுது” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அத்தான் குடத்தைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் ஊத்தினது?”

அவள் அழுதாள்.

“கூடவே வேற ஊத்தினேனே” என்றார் அவர், மெதுவாக. “காயுதே காயுதேன்னு, ஆணைக்கு மேலயும் ரெண்டு குடம் ஊத்தினேனே.”

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை விசாரணை பம்ப் அறையிலேயே நடந்தது. ‘அமுத ஊற்று’க் கல்லுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும் என்று இயக்குநர் ஆசைப்பட்டார். மேசை, மூன்று நாற்காலிகள், மேசை மேல் கடையில் வாங்கிய தண்ணீர்ப் பாட்டில்கள். இயக்குநர், கண்காணிப்பாளர் அம்மா, உவப்பு அலுவலர் மூவரும் விசாரணைக் குழு. நடப்பதைப் பதிவு செய்ய ஓரத்தில் ஒரு முக்காலியில் சின்னவள். அத்தான் நடுவில் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது சின்னவளுக்கு மட்டும் தெரியும்.

“நான் எத்தனையோ லட்சம் மரம் நட்டவன்” என்று தொடங்கினார் இயக்குநர். “ஒரு மரம் செத்து நான் பார்த்ததே கிடையாது. ஏன்னா, நட்ட இடத்துக்கு ரெண்டாவது தடவ போற பழக்கமே எனக்குக் கிடையாது. அவ்வளவு நம்பிக்கை! நீ தினமும் போறே. அப்ப உனக்கு மரத்து மேல நம்பிக்கை இல்லன்னுதானே அர்த்தம்?”

“தண்ணி ஊத்தப் போறேன் சார்.”

“ஊத்தும்போது மனசுல என்ன நினைப்ப?”

அத்தான் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். “குழாய் எங்க ஓட்டைன்னு நினைப்பேன் சார்.”

“பாத்தீங்களா? ஓட்டை! மனசெல்லாம் ஓட்டை. எழுதிக்கம்மா.”

சின்னவள் எழுதிக்கொண்டாள்.

“எங்க, சிரிச்சுக் காட்டு.”

அத்தான் சிரித்தார். பழகிய சிரிப்புதான். கன்னம் துடித்தது. ஒரு பக்கம் மேலே போயிற்று, இன்னொரு பக்கம் போக மறுத்துவிட்டது.

“இதுவா? இதப் பாத்தா நானே இலைய உதுத்துடுவேன்யா” என்றார் இயக்குநர். கண்காணிப்பாளர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

சின்னவள் எழுந்து நின்றாள். நிற்பது என்று அவள் முடிவு செய்யவில்லை. முக்காலி கீழே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் தான் நிற்பதே அவளுக்குத் தெரிந்தது.

“சார், அது உவப்பு இல்ல சார். உவர்ப்பு. ‘ர்’ விட்டுப்போச்சு. என் தப்பு. மண்ணெல்லாம் உப்பு சார். இவர் மேல ஒரு தப்பும் இல்ல.”

இயக்குநர் அவளைப் பார்க்கவில்லை. திரும்பி, சன்னல் வழியே வாசலில் இருந்த ‘உவப்பு வனம்’ கல்லைப் பார்த்தார்.

“கல்லுல இடம் இருக்காய்யா?”

உவப்பு அலுவலர் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். “‘வ’வுக்கும் ‘ப்’புக்கும் நடுவுல ஒரு எறும்புதான் சார் போகலாம்.”

“அப்ப உவப்புதான்” என்றார் இயக்குநர். பிறகு, நியாயமான மனிதர் என்பதால், கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். “சரி, பேச்சுக்கு உப்புன்னே வெச்சுக்குவோம். அது எதனால வந்துதுன்னு அறிக்கை சொல்லுது? விடப்படும் நீரால. விட்டது யாரு?”

“நான்தான் சார்” என்றார் அத்தான்.

“எழுதிக்கம்மா. முதல்ல உவப்பு இல்லாம ஊத்தினான்னு நெனச்சேன். இப்பப் பாத்தா உப்போட ஊத்தியிருக்கான். இது அத விடப் பெரிய குத்தம்.”

உண்மையைச் சொன்னால் கயிறு தளரும் என்று அவள் நினைத்திருந்தாள். கயிறு இன்னும் ஒரு சுற்று இறுகிற்று. அவள் பம்ப் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் நிறையப் பிடித்து, சிந்தச் சிந்தக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள்.

“கிணத்துலயே உப்பு சார். நீங்களே குடிச்சுப் பாருங்க.”

இயக்குநர் டம்ளரைப் பார்த்தார். சுவரில் பதித்திருந்த ‘அமுத ஊற்று’ என்ற கல்லையும், கல்லில் இருந்த தம் பெயரையும் பார்த்தார். வேறு வழியில்லை. எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். நெற்றியில் ஒரு நரம்பு எழுந்து நின்றது. கண்ணில் நீர் கோத்தது.

“அமுதம்” என்றார், குரல் உடைந்து. டம்ளர் கண்காணிப்பாளர் அம்மாவிடம் போயிற்று.

“அமுதம் சார்” என்றார் அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு.

உவப்பு அலுவலர் தம் பங்கைக் குடித்துவிட்டு, விசுவாசம் போதவில்லையோ என்ற பயத்தில், “இன்னும் கொஞ்சம் கெடைக்குமா சார்?” என்று கேட்டுவிட்டார். கிடைத்தது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். அன்று மூவரும் அந்த இரண்டு வேலையையும் ஒரே மடக்கில் முடித்தார்கள். முடித்துவிட்டு, கடைத் தண்ணீர்ப் பாட்டில்களைப் பார்த்தார்கள். யாரும் முதலில் கை நீட்டவில்லை.

“தண்ணியில உப்பு இல்லன்னு குழு குடிச்சே நிரூபிச்சாச்சு” என்றார் இயக்குநர், உதட்டை நனைத்துக்கொண்டு. “மண்ணுல உப்பு இருக்குன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. அப்ப அது எங்கேருந்து வந்துது?” அவர் பார்வை அறையைச் சுற்றி வந்து அத்தானின் சட்டையில் நின்றது. “திரும்பு. திரும்புய்யா!”

அத்தான் திரும்பினார். பயத்தில் சட்டைக் கழுத்து தொப்பலாக நனைந்திருந்தது. காலையில் வேர்த்துக் காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

“உப்பு!” என்று இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “வேர்வை! வேலை நேரத்துல வேர்த்திருக்கான். வாரியத்து மண்ணுல சொந்த உப்பக் கலந்திருக்கான். முப்பது வருஷமா நானும் வேலை பாக்கறேன், ஒரு சொட்டு வேர்த்திருக்கேனா? எழுதிக்கம்மா. பணிநீக்கம். ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அத்தான் வேர்க்காமல் இருக்க முயன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் அதிகமாக வேர்த்தது.

பயம் ஓர் அளவுக்கு மேல் போனால் குளிர்ந்துவிடும் போலிருக்கிறது. சின்னவள் முக்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள்.

“சார், பதிவுக்காக ஒரு சந்தேகம்.”

“கேளும்மா.”

“இவருக்குப் பதிலா வர்றவரும் வேர்த்தா?”

இயக்குநர் திகைத்தார். “வேர்க்காத ஆளாப் பாத்துத்தான் போடணும்.”

“கெடைக்கிற வரைக்கும் யாராவது பம்ப்பத் தொட்டா, அந்த உப்பு கல்லு மேலயும் ஏறிடும் சார். உப்பு ஏறினா கல்லு பொரிஞ்சு எழுத்தெல்லாம் உதிர்ந்துடும். வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க.”

“எழுத்தெல்லாமா?” இயக்குநரின் கை தம் பெயரைத் தடவிக்கொண்டது. முதல் முறையாக அவர் முகத்திலும் பயம் தெரிந்தது.

“அதனால பம்ப்பப் பூட்டிடலாம் சார். சாவிக்கு மட்டும் ஒரு ஆள். இங்கயே தங்கணும். தண்ணியத் தொடக் கூடாது. ஒரு வேலையும் செய்யாம உக்காந்திருந்தா வேர்க்காது.”

“வேலையே செய்யாத பதவி!” இயக்குநர் மலர்ந்தார். “அத உருவாக்கறதுல நம்ம வாரியத்துக்கு இருக்கற அனுபவம் வேற யாருக்கு இருக்கு? ‘அமுத ஊற்றுக் காப்பாளர்’. யாரைப் போடலாம்?”

“புது ஆளுன்னா புது வீடு கட்டணும் சார். இவரு ஏற்கெனவே இங்கதான் இருக்காரு. வேர்க்கறதோட ஆபத்து என்னன்னு இவருக்குத்தான் நல்லாத் தெரியும்.”

குழு ஏகமனதாக ஒப்புக்கொண்டது. மூவருக்கும் நாக்கு வறண்டிருந்ததால் விவாதம் நீளவில்லை. ‘இளமரங்களின் நலிவுக்குக் காரணம்: பணியாளரின் வியர்வை’ என்று சின்னவள் எழுதினாள். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது. கை நடுங்கவே இல்லை. அதைப் பார்த்து அவளுக்குக் குலை நடுங்கிற்று.

வண்டி போன பிறகு அக்கா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். “நல்லாத்தான் பேசின. ஆனா அந்தக் குரல்ல இன்னொரு தடவ பேசாதடி. அவங்கள்ல ஒருத்தி பேசற மாதிரி இருந்துச்சு.”

“ம்” என்றாள் சின்னவள்.

அத்தான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். கன்றுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இனிமே தண்ணிக்கு என்ன பண்ணும் இதுங்க?”

“குளத்துலேருந்து ஒரு பழைய குழாய் வருது இல்ல, வேலி ஓரமா. அத வகுப்புக்கு எடுத்துட்டுப் போய் அளந்து பாத்திருக்கேன், நல்ல தண்ணி.”

“அதத் தொறக்கலாமா?”

“அது எந்தக் கோப்புலயும் இல்ல அத்தான். தொறக்கச் சொல்லியும் ஆணை இல்ல, தொறக்கக் கூடாதுன்னும் இல்ல. நிறைய விடணும். உப்பக் கரைச்சுக்கிட்டுக் கீழ போய் வெளிய வடியணும். அதுக்கு ஒரு வாய்க்கா வெட்டணும்.”

“வெட்டினா வேர்க்குமே?”

“சட்டையக் கழட்டிட்டு வெட்டுங்க. கோடு தெரியாது.”

அவர் சிரித்தார். கண்ணாடி முன்னால் பழகாத சிரிப்பு.

எத்தனை கன்று பிழைக்கும் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே அன்று குறிப்பில் எழுதினாள். அதற்குக் கீழே:

நாளை, சனி. விடிந்ததும் முதல் வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கன்றின் பட்டையையும் நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது; அடையாளத்துக்குத் துணி கட்ட வேண்டும். துணி கட்டியவற்றுக்கு முதலில் தண்ணீர்.